பாத்திரம் தட்டிய வியாழக்கிழமை

1

இதை எழுத நான் ஏற்ற ஆள் இல்லை என்பது எனக்கே தெரியும். இலங்கையில் றக்வானைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சாதாரண தரம் வரை படித்தேன், அதற்குப் பிறகு கொழுந்து எடுத்தேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சம். கடிதம் எழுதினால்கூட சுகம் விசாரித்து முடித்துவிடுகிற ஆள் நான். பிழை இருந்தால் ஊரில் இருக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத வைத்தது ஒரு கேக்தான். இங்கிலாந்தில் ஒரு சிறிய நகரத்தில், வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லமொன்றின் சலவை அறையில் வேலை செய்கிறேன். தொற்றுக் காலத்தை நினைவுகூருவதற்கென்று போன வாரம் அங்கே கேக் வெட்டினார்கள். மனேஜர் அம்மா ஆளுக்கொரு கலர் அட்டை கொடுத்து, அந்த நாட்களைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொன்னார். சுவரில் ஒட்டப் போகிறார்களாம்.

கேக்கைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எதற்குத் தருகிறார்கள், இதன் பின்னால் என்ன வரப்போகிறது என்றுதான் தோன்றியது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். தோட்டத்தை நடத்துகிற துரை என்றைக்காவது பிரட்டுக் களத்துக்கு வந்து, காலையில் பேர் கூப்பிடுகிற நேரத்தில், "நல்லா வேலை செய்றீங்க" என்று சொன்னால் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அடுத்த கிழமையே ஆளுக்கு எடுக்க வேண்டிய கொழுந்து இரண்டு கிலோ கூடிவிடும். துரை ஏசினால் பயமில்லை, அது வழக்கம். சிரித்தால்தான் பயம்.

அட்டையில், "நான் வேலைக்கு வந்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். மனேஜர் அம்மா வாசித்துவிட்டு மிக அழகாக இருக்கிறது என்றார். அவர் எதைச் சொன்னாலும் அழகு என்பார். அட்டையில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

2

வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்த அன்று நாங்கள் மூவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். என் கணவர் வேலை செய்த சாப்பாட்டுக் கடையை அதற்கு முன்பே பூட்டிவிட்டார்கள். மகள் தர்ஷினிக்கு அப்போது பதினைந்து வயது. அவள் பள்ளிக்கூடமும் பூட்டியாகிவிட்டது.

பிரதமர் பேசியதில் எனக்குப் பாதி விளங்கவில்லை. மகளிடம் கேட்டேன்.

"எல்லாரும் வீட்டுல இருக்கணும்மா. அத்தியாவசிய வேலை செய்றவங்க மட்டும் போகலாம்."

"நான் எதுல சேர்த்தி?"

"நீங்க அத்தியாவசியம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பெரிய ஆள் நீங்க."

அழுக்குத் துணி துவைக்கிற வேலைக்கு அதுவரை யாரும் அப்படிப் பெயர் வைத்ததில்லை. திடீரென்று ஏன் வைக்கிறார்கள் என்று யோசித்தேன். அடுத்த நாள் வேலைக்குப் போனபோது முகக்கவசப் பெட்டியை மனேஜர் அம்மா தன் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டுமாம். அத்தியாவசியம் என்ற சொல்லுக்கு அர்த்தம் அப்போது கொஞ்சம் விளங்கியது.

நாங்கள் இருந்தது ஒரு வீட்டின் மேல்மாடியில், இரண்டு அறையும் ஒரு குசினியும். கீழே வீட்டுச் சொந்தக்காரர்களான வயதான யாழ்ப்பாணத் தம்பதி இருந்தார்கள். அவர்களை மாமா, மாமி என்றுதான் கூப்பிடுவோம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. "தமிழ் ஆக்கள்தானே" என்று மாமா முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை நம்பி வந்தோம். ஆனால் நாங்கள் எந்த ஊர் என்று கேட்டபோது, றக்வானை என்றதும் மாமி, "ஓ, தோட்டப் பக்கமே" என்று இழுத்ததையும் நான் மறக்கவில்லை.

எங்களுக்கும் அவர்களுக்கும் முன்கதவு ஒன்றுதான், படியும் ஒன்றுதான். அவர்களுடைய அறையைத் தாண்டித்தான் நாங்கள் மேலே ஏற வேண்டும்.

3

ஊரில் பூமணி அக்கா இருக்கிறாள். அம்மா அப்பா போன பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவள் அவள்தான். அங்கேயும் அந்த நாட்களில் ஊரடங்கு. ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள். தலையில் கொழுந்துச் சாக்கு, இடுப்பில் ஈரம் படாமல் கட்டுகிற படங்கு.

"என்னா அக்கா, கர்பியூன்னு சொன்னாங்க, நீ மலைக்குப் போயிட்டு வர்றியா?"

"கர்பியூ டவுன்காரங்களுக்குடி. நாங்க எல்லாம் அத்தியாவசியமாம். கொழுந்து வீட்டுல இருக்குமா? அது பாட்டுக்கு வளருது."

"ஒனக்கும் அந்தப் பேரு வச்சிட்டாங்களா?"

"வச்சிட்டாங்க. பிரட்டுல சுண்ணாம்புல வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்துல ஒவ்வொருத்தியா நிக்க வைக்கிறாங்க. கங்காணி பேர் வாசிச்சதும் அத்தன பேரையும் ஒரே லொறியில அடைச்சு மேல் மலைக்கு ஏத்துறாங்க. கொரோனாவுக்கு லொறியில ஏறத் தெரியாது போல."

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"நேத்து மருந்துக் கடைக்குப் போனேன்" என்றாள். "சும்மா போனா பொலிஸ் புடிப்பான். படங்கக் கட்டி, சாக்கத் தலையில போட்டுக்கிட்டுப் போனேன். 'கொஹேத யன்னே?'ன்னு கேட்டான், எங்க போறன்னு. சாக்கக் காட்டினேன். 'ஆ, தே தளு, யன்ன யன்ன'ன்னுட்டான், கொழுந்தா, போ போன்னு. தேயிலைக்குப் போறவளுக்கு நோய் வராதுன்னு அவனுக்கு யாரு சொன்னாங்களோ."

"ஒடம்பு சரியில்லையா? எதுக்கு மருந்துக் கடை?"

"சும்மா ஒரு தல வலி."

அவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தேன். அவளும் என்னை அப்படித்தான் நினைத்தாள். "நீ எங்க, மூச்ச இழுத்துப் புடி பாப்போம்" என்பாள். நான் பிடித்துக் காட்டுவேன். பிறகு அவளைப் பிடிக்கச் சொல்வேன். இரண்டு நாட்டில் இரண்டு கிழவிகள் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்போம். தர்ஷினி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ரெண்டு நாள் லீவு போட முடியாதா அக்கா?" என்று கேட்டேன்.

"போட்டா யாரு பேரு விழும்? வீட்டுல ஒரு ஆள் பேருகூட விழலேன்னா காம்பராவ வேற ஆளுக்குக் குடுப்போம்னு கணக்கப்புள்ள சொல்லிட்டுப் போயிட்டாரு."

ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காம்பரா நமக்குச் சொந்தமில்லை, வேலைக்குச் சொந்தம். பிரட்டில் பேர் விழும் வரைதான் அது நம்முடையது. எங்கள் அம்மா காய்ச்சலோடு மலைக்குப் போனதும் இதனால்தான்.

4

நான் வேலையால் வந்து படி ஏறினால், அடுத்த நிமிடம் கீழே கதவு திறக்கும். பிறகு டெட்டோல் மணம் வரும். படியின் கைப்பிடியைத் துடைக்கிற சத்தம் கேட்கும். வாசலுக்குள்ளே கழற்றி வைக்கிற என் சப்பாத்து அடுத்த நாள் காலையில் வாசலுக்கு வெளியே கிடக்கும். மழை என்றால் நனைந்து கிடக்கும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குக் கேட்கவும் வாய் வரவில்லை.

நான் வேலை செய்கிற இல்லத்தில் அப்போது ஆட்கள் சாகத் தொடங்கியிருந்தார்கள். எத்தனை பேர் என்று எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. துவைக்க வருகிற படுக்கை விரிப்பில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து, அந்தப் பெயர் அடுத்த முறை வராவிட்டால் நானே விளங்கிக்கொள்வேன். மனேஜர் அம்மா எப்போதும்போல், எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றார்.

ஒரு ஞாயிறு மாமா படியடியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். கழுத்துச் சால்வையால் வாயைப் பொத்தியிருந்தார். நானும் கணவரும் மேல்படியில் நின்றோம்.

"கோவிக்கக் கூடாது பிள்ளையள். உங்கட வேலை இடத்தில சனம் சாகுதாம் எண்டு கேள்வி. உண்மையே?"

"வயசானவங்க மாமா" என்றேன்.

"நாங்களும் வயசான ஆக்கள்தானே."

நான் கைப்பிடியில் இருந்த கையை எடுத்தேன்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கோ" என்றார். "ஒண்டில் வேலையை விடுங்கோ. இல்லாட்டி வேற இடம் பாருங்கோ. எனக்கும் வேற வழி தெரியேல்ல."

மேலே வந்ததும் தர்ஷினி ஃபோனைக் காட்டினாள். "இப்ப யாரையும் வீட்டை விட்டு அனுப்பக் கூடாதுன்னு கவர்மென்ட் சொல்லியிருக்கும்மா. அவங்களால முடியாது."

"கவர்மென்ட் சொல்றது வேற, கதவப் பூட்றது வேற" என்றார் என் கணவர். "பூட்டிட்டா நீ ஃபோனக் காட்டித் தொறப்பியா?"

நானும் சட்டத்தை நம்பவில்லை. என் சம்பளம் ஒன்றில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். அன்றைக்குப் படுத்துக்கொண்டு யோசித்தேன். அக்காவுக்கு வேலைக்குப் போகாவிட்டால் வீடு போகும். எனக்கு வேலைக்குப் போனால் வீடு போகும். வீட்டிலேயே இருங்கள் என்று இரண்டு அரசாங்கமும் சொல்லிக்கொண்டிருந்தன.

5

அந்த வியாழக்கிழமை நான் வேலையால் வந்து குளித்துவிட்டு, குசினியில் பருப்பு அவித்துக்கொண்டிருந்தேன். கணவர் அரிசி வாங்க வரிசையில் நிற்கப் போயிருந்தார். மகள் தன் அறையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இருந்தாள். வெளிச்சம் போகத் தொடங்கும் நேரம்.

திடீரென்று வெளியே தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் ஒரு வீட்டில், பிறகு அடுத்த வீட்டில், பிறகு தெரு முழுக்க. கை தட்டுகிறார்கள், கூச்சல் போடுகிறார்கள், யாரோ விசில் அடிக்கிறார்கள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். தோட்டத்தில் பொழுதுபடுகிற நேரத்தில் தகரம் தட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதையோ துரத்துகிறார்கள். மரவள்ளித் தோட்டத்துக்குள் பன்றி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் மனிதன். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இருட்டில் வந்து பெண்களைத் தாக்குகிற கிறீஸ் பூதம் என்று நாடெல்லாம் பயந்துகொண்டிருந்த காலத்தில், மாதாமாதம் புடவை மூட்டையோடு எங்கள் லயத்துக்கு வருகிற டவுன் வியாபாரி ஒருவர் கொஞ்சம் நேரம் பிந்தி வந்துவிட்டார். யாரோ ஒருத்தி தட்டைத் தட்டினாள். அடுத்த காம்பராவில் தட்டினார்கள், பிறகு கீழ் லயம், மேல் லயம். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் வாங்கிய புடவையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களே தட்டினார்கள். நான் அப்போது சின்னவளாக இருந்த தர்ஷினியை மடியில் வைத்துக்கொண்டு கதவு இடுக்கால் பார்த்தேன். மூட்டையைப் போட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு அவர் தோட்டத்துப் பக்கம் வரவேயில்லை.

விளக்கை அணைத்தேன். ஜன்னல் சீலையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தேன். தெருவில் எல்லா வீட்டுக்காரர்களும் வாசலில் நிற்கிறார்கள். முன்வீட்டு வெள்ளைக்காரி வாணலியைத் தட்டுகிறாள். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே மாமி நிற்கிறார். கையில் புட்டுப் பானை. அகப்பையால் அதை ஓங்கி ஓங்கித் தட்டுகிறார்.

மாத முடிவு வரை பொறுக்க மாட்டார்கள், ஊரையே கூட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். சத்தம் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அது இன்னும் பயமாக இருந்தது. எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள், இனி நாம்தான் விளங்கிக்கொண்டு போக வேண்டும் என்று பட்டது.

கணவர் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கீழே இறங்கிச் சண்டை பிடிப்பார். ஒரு பையில் இரண்டு உடுப்பும் துவாயும் வைத்தேன். காலையில் அவர்கள் எழும்பும் முன்பே படியிறங்கிவிட்டேன்.

6

மனேஜர் அம்மாவிடம் என் ஆங்கிலத்தில் சொன்னேன், "நான் இங்கே படுக்கிறேன். வீட்டுக்குப் போகவில்லை." நான் மட்டும் இல்லாவிட்டால் மற்ற இருவரையும் அந்த வீட்டில் விட்டு வைப்பார்கள் என்பதுதான் என் கணக்கு. அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, நான் ஒரு வீராங்கனை என்றார். மற்றவர்களைக் கூப்பிட்டு எனக்காகக் கை தட்டச் சொன்னார்.

மறுபடியும் கை தட்டல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கட்டிலில் ஆள் இல்லாத ஓர் அறையைக் கொடுத்தார்கள். போன வாரம் அந்தக் கட்டில் விரிப்பைத் துவைத்தது நான்தான். யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் தர்ஷினி கூப்பிட்டாள்.

"அம்மா, பை எங்க? சப்பாத்து எங்க? எங்க போயிட்டீங்க?"

சொன்னேன். தகரம் தட்டியதையும் சொன்னேன்.

"அம்மா, அது உங்களுக்காகத் தட்டினது."

"எனக்காகன்னுதானே நானும் சொல்றேன்."

"ஐயோ, துரத்த இல்லம்மா! நன்றி சொல்ல. ஹொஸ்பிட்டல்ல, இந்த மாதிரி ஹோம்ல வேலை செய்றவங்களுக்கு. போன வியாழனும் தட்டினாங்க, நீங்க வேலையில இருந்தீங்க. நாடு முழுக்கத் தட்றாங்க."

"நீ ஏன் எனக்குச் சொல்லல?"

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். சிரிக்கத் தொடங்கினாள். பிறகு சிரிப்பு நின்று, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இதுக்காகவா வீட்ட விட்டுப் போனீங்க? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். அவள் அறைக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. எப்போதிலிருந்து அப்படி ஆனது என்றும் தெரியவில்லை.

நன்றி என்று அவள் சொன்ன பிறகும் என் சந்தேகம் போகவில்லை, கூடியது. நாடே எழுந்து நின்று "நல்லா வேலை செய்றீங்க" என்கிறது. துரை ஒருவர் சொன்னாலே இரண்டு கிலோ கூடும்.

அந்தக் கிழமைக்குள்ளேயே கூடியது. இங்கேதானே படுக்கிறாய், மாலையிலும் ஒரு கை கொடு என்றார் மனேஜர் அம்மா. பிறகு, ஆள் குறைவு, மாடியையும் துடைத்துவிடு என்றார். ஒவ்வொரு முறையும் வீராங்கனை என்று கூப்பிட்டார். அடுத்த வியாழன் பின்னேரம், வீட்டுக்குப் போய் உடுப்பு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பிப் போய் அங்கே படுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. வீட்டில் ஏற விடுவார்களா என்பதும் தெரியாது.

7

எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது தட்டத் தொடங்கிவிட்டார்கள். வேலை உடுப்போடு வந்தேன். என்னைக் கண்டதும் சத்தம் கூடியது. முன்வீட்டு வெள்ளைக்காரி வாணலியைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள். தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

மாமி வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் அகப்பை ஒரு கணம் நின்றது. எதிர் வீட்டைப் பார்த்தார். பிறகு தட்டிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய், கதவுக்குள்ளே நின்று தட்டினார். நான் கேற்றடியிலேயே நின்றேன். சத்தம் ஓய்ந்து தெருவில் எல்லோரும் உள்ளே போனார்கள். மாமாவும் மாமிக்குப் பின்னால் வந்து நின்றார்.

எப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"மாமி, நாளைக்கு நான் வேலைய விட்டுட்டா அடுத்த கிழமை யாருக்குத் தட்டுவீங்க?"

"உனக்கெண்டு ஆர் தட்டினது?" என்றார் மாமி பட்டென்று. "முன்வீட்டுக்காரி பாத்துக்கொண்டு நிக்கிறாள். தட்டாமல் நிண்டால் என்ன நினைப்பாள்?"

"மெல்லக் கதையும்" என்றார் மாமா.

மாமியின் குரல் இறங்கியது. "எனக்குப் பயமடி பிள்ளை. இவருக்கு ஏற்கெனவே நெஞ்சு வருத்தம். எனக்குச் சீனி வருத்தம். நீ செத்தவையின்ர துணியைத் தோய்ச்சுப்போட்டு இந்தப் படியால ஏறி வாறாய். நித்திரை வருகுதில்லை. துடைச்சுத் துடைச்சுக் கையும் வெந்துபோச்சு."

கையைக் காட்டினார். உண்மையாகவே தோல் உரிந்திருந்தது. அந்த வசந்த காலம் முழுவதும் எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள். அதில் நான் நம்பியது மாமி சொன்ன இதை மட்டும்தான்.

"நான் போகாட்டி எங்களுக்குச் சாப்பாடு இல்ல மாமி" என்றேன்.

மாமா வீட்டின் பின்பக்கம் கை காட்டினார். "பின்னுக்கு இரும்புப் படி ஒண்டு கிடக்குது. நெருப்புப் பிடிச்சால் இறங்கிறதுக்கு வைச்சது. நேரா உங்கட குசினிக்குள்ள போகுது. நீங்கள் மூண்டு பேரும் அதால போங்கோ, வாங்கோ. முன்கதவு வேண்டாம். அப்பிடியெண்டால் இருங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்ல."

மேல் ஜன்னல் திறந்தது. என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னா மாமா, வாடக குடுக்குற மனுசரப் பின்வாசலால வரச் சொல்றீங்க? அங்க தொர பங்களாவுல பட்டது போதாதுன்னா இங்க வந்தோம்?"

அவர் சொன்னது என் மனதில் இருந்ததுதான். எங்கள் அம்மா பங்களாவுக்குப் புல் வெட்டப் போன காலத்தில், கூலி கேட்கவும் தண்ணீர் குடிக்கவும் பின்வாசலுக்குத்தான் போவார். முன்படியில் கால் வைத்ததே இல்லை.

அவருக்குப் பக்கத்தில் மகள் தலையை நீட்டினாள். "படிதானே அப்பா? எந்தப் படியா இருந்தா என்ன? அம்மா வீட்டுக்கு வரட்டும்."

அவளுக்கு அது வெறும் படிதான். அவளுக்கு அப்படி இருப்பது நல்லதா கெட்டதா என்று அங்கே நின்று யோசித்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

"தாங்க மாமா" என்றேன்.

சாவியை மாமா கேற்றுக்கு அருகில் மதில்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்னால் போனேன். குசினிக் கதவில் போட்டுத் திறந்தேன். மறுபடி பூட்டி, அதே சாவிதானா என்று இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளே போனேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியற்காலையில் மழை பெய்தது. இரும்புப் படி வழுக்கியது. பிடித்துப் பிடித்து இறங்கி வேலைக்குப் போனேன்.